கல்லீரலில் சீழ் இருப்பவருக்குக் கண் மருத்துவர் எதற்கு?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். அப்பாவுக்கு 56 வயது. பத்து வருடமாகச் சர்க்கரை நோய், மாத்திரையை ஒழுங்காகப் போடுவதில்லை. குளிர்காய்ச்சலும் வலது விலாவுக்குக் கீழே வலியுமாக மருத்துவமனைக்கு வந்தார். ஸ்கேனில் கல்லீரலுக்குள் 7 செ.மீ. சீழ்க்கட்டி தெரிந்து, ட்யூப் போட்டுச் சீழை வடித்துக்கொண்டிருக்கிறார்கள். சீழிலுள்ள கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்கும் கல்ச்சரில் கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியா என்று வந்திருக்கிறது. ஐந்தாம் நாள் காய்ச்சல் தணிந்து, நீங்களும் சற்று மூச்சு விட்டுக்கொண்ட நேரத்தில், கண் மருத்துவர் பார்க்க வேண்டும், நெஞ்சுக்கு சிடி ஸ்கேன் எடுக்க வேண்டும் என்கிறார்கள். கல்லீரல் நோய்க்குக் கண் டாக்டர் எதற்கு, பில்லை ஏற்றுகிறார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில், ‘வேறு எங்காவது பரவியிருக்குமோ’ என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களைத் தூங்கவிடாமல் செய்வது பில் இல்லை, அந்த வரிதான் என்று நினைக்கிறேன். அதற்குத்தான் பதில் எழுதுகிறேன்.

நான் பொது மருத்துவம் படித்து, இருபது வருடங்களுக்கு மேலாக வார்டில் காய்ச்சல் நோயாளிகளைப் பார்த்து வருபவன். கண் அறுவை எனக்குத் தெரியாது. உங்கள் அப்பாவின் படங்களையும் நான் பார்க்கவில்லை. அதனால் எந்த மருந்தை நிறுத்தலாம், எதை மாற்றலாம் என்று இங்கிருந்து சொல்ல மாட்டேன். ஒன்றை மட்டும் தயங்காமல் சொல்கிறேன்: கண் மருத்துவர் வருவதைத் தள்ளிப்போடாதீர்கள். இன்றே வர முடியுமென்றால் இன்றே வரட்டும். நெஞ்சு சிடியைப் பற்றிக் கேள்வி கேட்க உங்களுக்கு இடம் இருக்கிறது, அதைப் பின்னால் சொல்கிறேன்.

கல்லீரல் சீழ்க்கட்டி எல்லாம் ஒன்று இல்லை. மருந்துகள் வருவதற்கு முந்தைய காலத்தில் பெரும்பாலும் குடல்வால் அழுகி, அங்கிருந்து போர்ட்டல் சிரை வழியாகக் கிருமி கல்லீரலுக்கு ஏறும். பிற்காலத்தில் பித்தநாளக் கல்லும் அடைப்பும் முக்கியக் காரணங்களாயின. இவற்றில் பல கிருமிகள் கலந்திருக்கும். பிறகு தைவானில் வேறொரு நோயைக் கவனித்தார்கள். பித்தப்பை நன்றாக இருக்கிறது, குடலில் கோளாறு இல்லை, சர்க்கரை மட்டும் இருக்கிறது; கல்லீரலில் கிளெப்சியெல்லா என்ற ஒரே கிருமி சீழ் கட்டி நிற்கிறது. 1986இல் அங்கிருந்து 7 நோயாளிகளைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. ஏழு பேருக்கும் கல்லீரலில் சீழ், அதோடு கண்ணுக்குள்ளும் சீழ். 1998இல் வந்த இன்னொரு தைவான் தொகுப்பில் 182 பேர். அவர்களில் 160 பேருக்குக் கிளெப்சியெல்லா மட்டுமே காரணம். அந்த 160 பேரில் முக்கால்வாசிப் பேருக்குச் சர்க்கரைக் கோளாறு இருந்தது, நூற்றுக்குச் சுமார் 12 பேருக்கு நோய் வேறு உறுப்புக்குப் போயிருந்தது. பல கிருமிகள் கலந்திருந்த மற்ற 22 பேரில் ஒருவருக்குக்கூட அப்படிப் பரவவில்லை. பிறகு தென் கொரியா, சிங்கப்பூர், ஹாங்காங் என்று பல இடங்களிலும் இதே நோய் பதிவானது. நம் ஊர் வார்டுகளிலும் பார்க்கிறோம். எனவே கட்டி எத்தனை செ.மீ. என்பதைவிட, கல்ச்சர் ரிப்போர்ட்டில் இருக்கும் கிருமியின் பெயரைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

இந்தக் கிருமியைத் தட்டில் வளர்த்துப் பார்த்தால் ஒரு விஷயம் தெரியும். எங்கள் ஆய்வகத்தில் ஒரு முறை நுண்ணுயிரியல் மருத்துவர் என்னை அழைத்துக் காட்டினார். கம்பி வளையத்தால் தட்டில் வளர்ந்திருந்ததைத் தொட்டு மெல்ல மேலே தூக்கினார். மைசூர்பாகுக்குச் சர்க்கரைப் பாகு காய்ச்சும்போது விரலிடுக்கில் கம்பிப் பதம் பார்ப்போமே, அதே போல நூல் இழுத்துக்கொண்டு வந்தது. 5 மில்லிமீட்டருக்கு மேல் அறாமல் வந்தால் இந்த முரட்டு ரகமாக இருக்கலாம் என்று கொள்வார்கள். அந்தப் பிசுபிசுப்பு கிருமி போர்த்திக்கொண்டிருக்கும் உறை. பெரும்பாலும் கே1, கே2 என்ற இரண்டு உறை வகைகளே பரவலுக்குக் காரணமாகின்றன. வெள்ளணுக்கள் கிருமியைப் பிடித்து விழுங்கப் பார்க்கும்போது, கையில் பிடித்த சோப்புப்போல அது வழுக்கிக்கொண்டு போய்விடும். சர்க்கரை ஏறிக் கிடக்கும் உடம்பில் வெள்ளணுக்களின் பிடியும் தளர்ந்திருக்கும். இரண்டும் சேர்ந்தால் பரவல் எளிதாகிவிடுகிறது. நூல் இழுக்கும் சோதனை ஒரு துப்புதான், தீர்ப்பு இல்லை. நூல் இழுக்காத கிருமியும் பரவியதுண்டு, இழுத்த கிருமி கல்லீரலோடு நின்றதும் உண்டு.

பரவுவது எப்படி என்று புரிந்தால் மருத்துவர்கள் எதைத் தேடுகிறார்கள் என்பதும் புரியும். கல்லீரலிலிருந்து புறப்படும் பெரிய சிரைகள் உதரவிதானத்தை ஒட்டியே உடலின் கீழ்ப்பெருஞ்சிரையில் சேருகின்றன. அங்கிருந்து இதயத்தின் வலப்பக்கம் இரண்டு விரல் தூரம்தான். இதயம் அந்த இரத்தத்தை நேராக நுரையீரலுக்கு அனுப்பும். சில நோயாளிகளுக்குக் கட்டியை ஒட்டிய சிரையிலேயே இரத்தம் உறைந்து, அதற்குள் கிருமி குடியிருக்கும். அந்த உறைவு துண்டு துண்டாகக் கழன்று வந்தால் நுரையீரலின் நுண்குழாய்களில் மாட்டிக்கொள்ளும். அதனால்தான் நெஞ்சுப் படத்தில் ஓரங்களில் சிறு சிறு உருண்டைகள் தெரிகின்றன, சில உருண்டைகளின் நடுவே ஓட்டை விழுந்திருக்கும். ஆனால் தனிக் கிருமி ஒன்றின் நீளம் ஒன்றிரண்டு மைக்ரான்தான். நுண்குழாயின் விட்டம் அதைவிடப் பல மடங்கு. துண்டு மாட்டிக்கொள்ளும் இடத்தில் தனிக் கிருமி நுழைந்து, இதயத்தின் இடப்பக்கம் போய், அங்கிருந்து உடல் முழுவதும் போகும் இரத்தத்தில் கலந்துவிடும். அதன் பிறகு மூளை, முதுகெலும்பு, சிறுநீரகம், புராஸ்டேட், தொடைத் தசை, கண் என எங்கு வேண்டுமானாலும் இறங்கலாம்.

இவற்றில் கண்ணைப் பற்றி நான் அதிகம் பேசுவதற்குக் காரணம் உண்டு. பல வருடங்களுக்கு முன்பு, நான் அப்போது வேலைபார்த்த மருத்துவமனையில் ஒரு மளிகைக் கடைக்காரர் சேர்ந்திருந்தார். உங்கள் அப்பாவின் கதையேதான்: சர்க்கரை, காய்ச்சல், கல்லீரலில் கட்டி, ட்யூப், மூன்றாம் நாள் காய்ச்சல் தணிந்தது. காலைச் சுற்றில் அவர் படுக்கைக்கு எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த தினசரிக் காலண்டரைக் காட்டி, ‘தேதி மேல் எண்ணெய்க் காகிதம் ஒட்டினாற்போலத் தெரிகிறது, சார்’ என்றார். சர்க்கரை வேகமாக இறங்கும்போது கண் லென்ஸின் பருமன் மாறிப் பார்வை சில வாரம் மங்குவது உண்மைதான். நான் அதைத்தான் நினைத்தேன். ‘சர்க்கரை இறங்குகிறது, சரியாகிவிடும், பிறகு கண்ணாடி பார்த்துக்கொள்ளலாம்’ என்று சொல்லிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போய்விட்டேன். ஒவ்வொரு கண்ணையும் மூடித் தனித்தனியாகப் பார்க்கச் சொல்லவில்லை. மறுநாள் காலை இடது கண் சிவந்து, இமை வீங்கி, கருவிழிக்குப் பின்னால், அரிசி களைந்த நீர் பாத்திரத்தின் அடியில் தெளிந்து நிற்பதுபோல வெள்ளையாக ஒரு படிவு நின்றது. அன்றே கண்ணுக்குள் ஊசி மருந்து போட்டார்கள், பிறகு உள்ளே இருந்த சீழ்க் கூழை வெட்டி எடுத்தார்கள். ஐந்து வாரத்தில் கல்லீரல் சுத்தமாக ஆறிவிட்டது. அந்தக் கண்ணால் அவருக்கு வெளிச்சமும் இருட்டும் மட்டுமே தெரிந்தன. முந்தைய நாளே கண் மருத்துவரைக் கூப்பிட்டிருந்தால் பார்வை மிஞ்சியிருக்கும் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் கூப்பிடாதது என் தவறு. அன்றிலிருந்து, கல்ச்சரில் இந்தக் கிருமியின் பெயர் வந்தால், நோயாளி கேட்காவிட்டாலும் கண் மருத்துவருக்குக் கடிதம் எழுதிவிடுகிறேன்.

கண்ணில் ஏன் இந்த அவசரம்? கண்ணுக்குள் இருக்கும் கூழ் மொத்தம் 4 மில்லி அளவுதான், அதில் இரத்த ஓட்டம் கிடையாது. கிருமி அங்கே போய்விட்டால் எதிர்ப்பதற்கு ஆள் வந்து சேர நேரமாகும். கை நரம்பில் போகும் மருந்தும் அங்கே போதுமான அளவு எட்டாது. அதனால்தான் கண்ணுக்குள்ளேயே 0.1 மில்லி மருந்தை ஊசியால் செலுத்த வேண்டியிருக்கிறது. பக்கத்திலிருக்கும் விழித்திரையின் செல்கள் அழிந்தால் மறுபடி முளைப்பதில்லை. கல்லீரல் முக்கால் பங்கு போனாலும் வளர்ந்துகொள்ளும் உறுப்பு, விழித்திரை அப்படி இல்லை. இந்தக் கிருமியால் கல்லீரல் கட்டி வந்தவர்களில் நூற்றுக்குச் சுமார் 3 முதல் 8 பேருக்குக் கண் பாதிக்கப்படுவதாக வெவ்வேறு தொகுப்புகள் சொல்கின்றன. அதாவது உங்கள் அப்பாவுக்கு வராமலிருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனால் வந்துவிட்டால், மருத்துவம் செய்தும் பார்வை மோசமாகவே முடிந்தவர்கள் அதிகம். சிலருக்கு இரண்டு கண்ணிலும் வருகிறது. சிலருக்குக் கல்லீரல் கட்டி இருப்பதே தெரியாமல் கண்தான் முதலில் மங்குகிறது. கண் மருத்துவர்தான் வயிற்றை ஸ்கேன் செய்யச் சொல்லி அனுப்புகிறார். வரும் கண் மருத்துவர் சொட்டு மருந்து விட்டுக் கண்ணின் பாப்பாவை விரியவைத்து விழித்திரையைப் பார்ப்பார். அரை மணி, ஒரு மணி நேர வேலை. முதல் முறை நன்றாக இருந்தாலும் இரண்டு மூன்று நாள் கழித்து மறுபடி பார்வையில் மாற்றம் வந்தால் மறுபடி பார்க்க வேண்டும்.

எல்லோருக்கும் கண் பரிசோதனை வேண்டுமா, பார்வைக் குறை சொன்னவர்களுக்கு மட்டும் போதுமா என்பதில் மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எல்லோருக்கும் செய்வதால் இத்தனை கண்கள் காப்பாற்றப்பட்டன என்று உறுதியாக நிறுவிய ஆய்வு இல்லை. அப்படியிருந்தும் நான் எல்லோருக்கும் செய்யச் சொல்கிறேன். கடும் காய்ச்சலில் படுத்திருப்பவர், மூக்குக்கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டு வந்தவர், ஒரு கண் மங்கியதைத் தானாகச் சொல்வார் என்று நம்பியிருப்பது சரியில்லை.

இனி நெஞ்சு. இங்கே மூன்று வேறு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கட்டி கல்லீரலின் வலப்பக்கத்தின் மேல்பகுதியில் இருந்தால் அதற்கு மேலே உதரவிதானம், அதற்கு மேலே நுரையீரல். பக்கத்து வீட்டில் தீப்பிடித்தால் நம் சுவர் சுடுவதுபோல, கிருமி போகாமலே நுரையீரலைச் சுற்றி வெறும் நீர் ஊறும். இது அடிக்கடி நடப்பது, கட்டி வடிந்தால் தானாக வற்றும். கிருமியே உதரவிதானத்தைத் தாண்டிப் போய் அங்கே சீழ் கட்டினால் அது வேறு கதை, அதற்குத் தனியாக ட்யூப் வேண்டும். இரண்டையும் படத்தை மட்டும் வைத்து எப்போதும் பிரிக்க முடியாது. ஊசியில் கொஞ்சம் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். மூன்றாவது, முன்பு சொன்ன சிறு உருண்டைகள். மூச்சு வாங்கவில்லை, இருமல் இல்லை, ஆக்சிஜன் அளவு நன்றாக இருக்கிறது என்றால் நான் முதலில் சாதாரண எக்ஸ்ரேயோடு நிறுத்திக்கொள்வேன். காரணம், அறிகுறி ஏதும் இல்லாதவருக்கு சிடியில் நாலு உருண்டை தெரிந்தாலும் பெரும்பாலும் மருத்துவம் மாறப்போவதில்லை. இன்னொன்று, வயிற்றுக்கு சிடி எடுத்திருந்தால் அதன் மேல்பகுதியில் நுரையீரலின் அடியும் விழுந்திருக்கும். ‘அதில் நுரையீரல் எப்படி இருக்கிறது, தனியாக நெஞ்சுக்கு எடுப்பதால் என்ன முடிவு மாறும்’ என்று உங்கள் மருத்துவரிடம் மரியாதையாகக் கேளுங்கள். அவர் கையில் எனக்குத் தெரியாத காரணம் இருக்கலாம், கேட்டால் சொல்வார். கட்டி கல்லீரலின் இடப்பக்கத்தில் இருந்தால் மட்டும் எக்கோ என்ற இதய ஸ்கேன் பற்றியும் கேளுங்கள். இதயத்தைச் சுற்றியுள்ள உறைக்குள் சீழ் உடைவது அபூர்வம், ஆனால் உடைந்தால் தாமதிக்க நேரம் இருக்காது.

மூளைக்கும் இதே விதிதான். தலைவலி, வாந்தி, பிடரி விறைப்பு, பேச்சில் குழப்பம், வலிப்பு, ஒரு பக்கக் கை கால் பலவீனம் எதுவும் இல்லாதவருக்கு எம்ஆர்ஐ எடுக்க நான் சொல்வதில்லை. இவற்றில் ஒன்று வந்தால் அன்றைக்கே எடுக்க வேண்டும், முதுகுத் தண்டு நீரும் பார்க்க வேண்டியிருக்கலாம். அப்போது மருந்தின் பெயர் மாறாமலே அளவு மாறும். செஃப்ட்ரையாக்சோனைக் கல்லீரலுக்கு வழக்கமாகத் தினம் ஒரு முறை கொடுப்போம், மூளைச்சவ்வில் தொற்று என்றால் 2 கிராம் வீதம் இரண்டு முறை கொடுப்போம். ‘ஏன் டோஸை ஏற்றுகிறார்கள்’ என்று பயப்பட வேண்டாம், மூளைக்குள் போய்ச் சேர அந்த அளவு தேவை. முதுகில் புதிதாக வலி, இரவில் அதிகமாக இருந்தால், முதுகெலும்பின் வட்டுகளையும் அதை ஒட்டிய தசையையும் சந்தேகிக்க வேண்டும். சிறுநீர் கழிக்க முக்க வேண்டியிருந்தால் புராஸ்டேட். காலில் தோல் சிவந்து, பார்க்கும் அளவுக்கு மீறிய வலி இருந்தால் அது அறுவை மருத்துவரின் அவசரம்.

மருந்து எத்தனை நாள் என்பதில் ஓரளவு தெளிவு உண்டு. கல்லீரலோடு நின்றால் 4 முதல் 6 வாரம், மூளைக்கோ எலும்புக்கோ போயிருந்தால் அதைவிட நீளும். முழுவதும் ஊசியாகத்தான் போட வேண்டும் என்பதும் இல்லை. 2020இல் வெளியான சிங்கப்பூர் ஆய்வு ஒன்றில், கிளெப்சியெல்லாக் கட்டி இருந்த 152 பேரை இரண்டாகப் பிரித்து, சில நாள் ஊசிக்குப் பிறகு ஒரு பிரிவுக்கு மாத்திரையும் மறு பிரிவுக்கு ஊசியும் தொடர்ந்தார்கள். மாத்திரை போட்டவர்கள் சளைக்காமல் குணமானார்கள். ஆனால் அவர்கள் கொடுத்த சிப்ரோஃப்ளாக்சசின் நம் ஊர்க் கிருமிகள் பலவற்றிடம் எடுபடுவதில்லை. அதனால் கல்ச்சர் ரிப்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று இருக்கும் பட்டியலைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். முன்பெல்லாம் இந்த முரட்டு ரகம் சாதாரண மருந்துக்கே அடங்கும் என்று நாங்கள் தைரியமாக இருந்தோம். இப்போது முரட்டுத்தனமும் மருந்து எதிர்ப்பும் ஒரே கிருமியில் சேர்ந்து வருகின்றன. 2024 ஜூலையில் உலக சுகாதார நிறுவனம் இதைப் பற்றி எச்சரிக்கை வெளியிட்டது.

‘என் மாமாவுக்கும் கல்லீரலில் கட்டி வந்தது, இரண்டு வாரத்தில் சரியாகிவிட்டது, அவருக்கு யாரும் கண்ணைப் பார்க்கவில்லையே’ என்றும் எழுதியிருக்கிறீர்கள். அது அமீபாக் கட்டியாக இருந்திருக்கலாம். மது அருந்தும் ஆண்களிடம் நம் ஊரில் அதிகம் பார்ப்பது அதுதான். சாக்லேட் நிறத்தில் வடியும், மெட்ரோனிடசோலுக்குச் சட்டென்று கேட்கும். நெஞ்சுக்குள்ளோ வயிற்றுக்குள்ளோ உடையும் ஆபத்து அதற்கும் உண்டு, ஆனால் இரத்தம் வழியாகக் கண்ணுக்குப் போவது அதன் வழக்கம் இல்லை. இன்னொன்று மெலியாய்டோசிஸ். மழைக்காலத்தில் வயலிலும் சேற்றிலும் இறங்கும் சர்க்கரை நோயாளிகளுக்கு மண்ணிலிருந்து வரும் நோய், தமிழ்நாட்டிலும் இருக்கிறது. கல்லீரலிலும் மண்ணீரலிலும் சேர்ந்தே கட்டிகள் இருந்தால் அதை நினைக்க வேண்டும். ஆய்வகத்தில் வேறு கிருமி என்று பெயர் மாறிப்போவதும் உண்டு. உங்கள் அப்பாவுக்குக் கல்ச்சரே தெளிவாக வந்துவிட்டதால் இந்த இரண்டையும் இப்போது ஒதுக்கிவைக்கலாம்.

யாருக்குப் பரவும் என்று முன்கூட்டிச் சொல்ல எங்களிடம் நம்பகமான அளவுகோல் இல்லை. பெரிய கட்டிதான் பரவும் என்றும் இல்லை, 3 செ.மீ. கட்டியோடு வந்தவருக்கும் பரவியிருக்கிறது. சீக்கிரம் வடித்தால் பரவாது என்பது நியாயமாகத் தோன்றினாலும், பலருக்கு மருத்துவமனைக்குள் நுழையும் முன்பே கிருமி போக வேண்டிய இடத்துக்குப் போயிருக்கிறது. அதனால் அப்பா மாத்திரை போடாததையோ, நீங்கள் இரண்டு நாள் தாமதமாக அழைத்து வந்ததையோ நினைத்துக் குமைய வேண்டாம். நடைமுறையில் நான் நம்புவது காய்ச்சல் அட்டவணையை. ட்யூப் ஒழுங்காக வடிந்து, சரியான மருந்தும் போகும்போது பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் காய்ச்சல் அடங்க வேண்டும். அடங்காவிட்டால், அல்லது அடங்கித் திரும்பி வந்தால், முதலில் ட்யூப் அடைத்திருக்கிறதா, இரண்டாவது கட்டி இருக்கிறதா என்று பார்த்து, பிறகு வேறு உறுப்பைத் தேட வேண்டும். ஸ்கேனில் குழி இன்னும் தெரிகிறதே என்று மட்டும் பதற வேண்டாம். ஆள் நடமாடத் தொடங்கி மாதக் கணக்கில் அந்தக் குழி தெரிந்துகொண்டிருக்கும். வீட்டுக்குப் போய் உடம்பு தேறிய பிறகு பெருங்குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் பரிசோதனையைப் பற்றி ஒரு முறை கேளுங்கள். இந்தக் கட்டி வந்தவர்களில் சிலருக்குக் குடலில் அறிகுறி காட்டாத புற்றுநோய் பின்னர் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. அது இந்த வாரத்து வேலை இல்லை.

இந்த வாரத்து வேலை நீங்களே செய்யக்கூடியது. அப்பாவின் கண்ணாடியை வீட்டிலிருந்து எடுத்து வாருங்கள். காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை, உள்ளங்கையால் ஒரு கண்ணை மூடச் சொல்லி மறு கண்ணால் சுவரில் இருக்கும் காலண்டரைப் படிக்கச் சொல்லுங்கள், பிறகு மாற்றிச் செய்யுங்கள். பெரிய தேதி மட்டும் போதாது, கீழே சின்ன எழுத்தில் இருக்கும் ராகு காலம் எத்தனை மணி என்று கேளுங்கள். நேற்றுப் படித்ததை இன்று படிக்க முடியவில்லை, பூச்சி பறக்கிறது, கண் வலிக்கிறது, சிவந்திருக்கிறது என்றால் இரவு இரண்டு மணியானாலும் பணியில் இருக்கும் செவிலியரை எழுப்பிச் சொல்லுங்கள். கண் மருத்துவர் பார்த்துவிட்டு என்ன சொன்னார் என்பதை முடிந்தால் இங்கே எழுதுங்கள், நான் பார்க்கிறேன்.